நிலவறையில் இரைச்சல்

டுலூத்தில் மார்ச் மாதமும் பனிதான்.
நிலவறைப் படியில் உட்கார்ந்து
ஆர்லன் கேபிள்களைப் பிரிக்கிறான்.
ஒன்றை இழுத்தால் ஒன்பது வருகிறது.

எட்டு பெடல். மூன்று ஒரே வேலையைச் செய்பவை.
மூன்றும் ஏன் வேண்டும் என்று
உரக்கவே சொல்லிப் பார்த்தான்.

விற்க ஒரு பெட்டி, கொடுக்க ஒரு பெட்டி,
‘பார்க்கலாம்’ என்று ஒரு பெட்டி.
மதியத்துக்குள் பார்க்கலாம் நிரம்பி வழிந்தது.
வெர்னா ஓடாமல் விட்ட டிரெட்மில்லின்மேல்
ஆம்ப்பைத் தூக்கி வைத்தான்.
உயரம் கச்சிதம்.

பதினோரு வருடமாய் அதில் ஓர் இரைச்சல்.
வால்வை மாற்றினான், கேபிளை மாற்றினான்,
பழுது பார்ப்பவனையே இரண்டு முறை மாற்றினான்.
இன்று மேசைக்கு இடம் வேண்டி
மூலை ஃப்ரீசரை நகர்த்தினான்.
பிளக் கழன்று விழுந்தது.

ஒரு தந்தியைத் தொட்டான்.
அது மட்டும் கேட்டது.
அது தேய்ந்து தேய்ந்து
மாடியில் வெர்னா நாற்காலி இழுக்கும் ஒலியில் முடிந்தது.

இரண்டு நாள் வாசித்தான்.

திங்கட்கிழமை அவள் இறங்கி வந்தது பாட்டுக்காக அல்ல.
தரையில் ஈரம்.
கோடையெல்லாம் ஏரியில் காத்துக் கிடந்து பிடித்த
பதினான்கு ட்ரவுட்டும் இளகிவிட்டன.

வாயே திறக்காமல் பெரிய வாணலியை எடுத்தாள்.
பக்கத்து வீட்டு ஓடிகார்டுகள் தட்டோடு வந்தார்கள்.

அன்றைய பதிவில் நாற்பது நொடி கிட்டார்,
கூரைப் பலகை வழியே காலடிகள்,
“உப்பு எங்கே?” என்று ஒரு குரல்.
இரைச்சல் துளியும் இல்லை.

வெர்னாவிடம் அதைச் சொல்ல
இது நேரமல்ல என்று பட்டது.