அறுபத்து மூன்று

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, மதியம் இரண்டு.
ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து
கேபிளைச் செருகினாள் ஹெப்சிபா.
லேப்டாப்பில் எஞ்சின் எண்களாக விரிந்தது:
இந்த மிதிக்கு இவ்வளவு டீசல்,
இவ்வளவு காற்று.

பழையதை அழித்தாயிற்று.
புதியது ஏறுகிறது. அறுபத்து மூன்று சதவீதம்.
அங்கேயே நிற்கிறது.

"சாவியத் தொடாதீங்க பாய்."
தொடவில்லை. மேல்விஷாரம் தப்ரேஸ்
உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.
பேட்டரி பதினொன்று புள்ளி எட்டு.

இந்த நிமிடம் இந்த வண்டிக்குப்
பழைய புத்தியும் இல்லை, புதுப் புத்தியும் இல்லை.
எட்டு லட்ச ரூபாய் இரும்பு,
வெயிலில்.

பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து
ஜம்பர் வயரை இழுத்து மாட்டினாள்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு புள்ளி மூன்று.
அறுபத்து நான்கு.

ஆட்டோக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்:
"என் பேட்டரியக் குடிச்சிட்டு
இவரு வண்டி படிக்குதாம்மா?"