கறுப்பு அட்டை

நரின் நகரப் பள்ளி மைதானத்தில்
ஒன்பதரைக்கு நிலம் அதிர்ந்துவிட்டதாக
ஒலிபெருக்கி சொன்னது.
மார்ச் குளிரில்
எங்கள் பற்கள்தான் தந்தியடித்தன.

பீட்ரூட் சாறு பூசிய நாற்பது பேர்
சொல்லிக்கொடுத்தபடி அலறினார்கள்.
"நடக்க முடிந்தவர்கள் கொடிக்கம்பத்துக்கு!"
பாதிப் பேர் எழுந்து போனார்கள்,
ஒருவன் சூரியகாந்தி விதை கொறித்தபடி.

ஆளுக்கு முப்பது நொடி.
கூடுதலாக நின்றால்
அடுத்து கிடப்பவரின் கணக்கிலிருந்து எடுக்கிறாய்,
கனிஷாய் டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

உருகும் பனிச்சேற்றில் மினிபஸ் ஓட்டுநர் ஒருவர்.
மார்பில் குத்தியிருந்த காகிதம்: மூச்சு இல்லை.
தாடையை உயர்த்தினேன்.
மறுபக்கம் திருப்பினேன்: அப்போதும் இல்லை.
ஆனால் அவர் மூக்கிலிருந்து
வெள்ளை ஆவி வந்துகொண்டே இருந்தது,
கெட்டிலில் இருந்து வருகிற மாதிரி.
காகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.
மணிக்கட்டில் கறுப்பு அட்டையைக் கட்டினேன்.
பெயர் கேட்கவில்லை.
செத்தவரிடம் எப்படிக் கேட்பது?

மொத்தம் பதினெட்டு பேர் பார்த்தேன்.
இரண்டு தவறு. இவர் அதில் இல்லை.

தேநீர் வரிசையில்
அட்டையோடே எனக்கு முன்னால் நின்றிருந்தார்.
"தோக்தோசுன்" என்றார், கை நீட்டி.
தங்கட்டும் என்று அர்த்தம்.
முன்னே மூன்று பிறந்து
ஒன்றும் தங்காத வீடுகளில்
நான்காவதற்கு வைக்கிற பெயர்.

"முடிச்சு ரொம்ப இறுக்கம், தங்கச்சி.
அவிழ்த்துவிடேன்."

விரல்கள் விறைத்திருந்தன.
கத்தரி கொண்டுவா என்று யாரோ சொன்னார்கள்.
வேண்டாமென்று
பல்லால் இழுத்துப் பார்த்தேன்.
முப்பது நொடி
எப்போதோ தாண்டிவிட்டது.