சப்பாத்து

படிவம் ஆறில் நாடகம் எடுத்தவர்கள் நால்வர்.
மற்றவர்கள் கணக்கியலுக்கு ஓடிய மதியங்களில்
பழைய அறிவியல் கூடத்தில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளினால்
எங்களுக்கு ஒரு மேடை.
தரையில் சுண்ணாம்புக் கோடு:
இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தெரு.

தேர்வுக்கு நாங்களே எழுத வேண்டும், பன்னிரண்டு நிமிடம்.
ஹூய் ஷின் சொன்னாள்: கடன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஜெலுத்தோங்கில் எந்த மின்கம்பத்திலும்
'உடனடிப் பணம்' என்று ஒரு கைப்பேசி எண் ஒட்டியிருக்கும்.

அஸ்ருல் அப்பா. ஹூய் ஷின் அம்மா. லோகேஸ்வரன் மகன்.
எனக்கு மிஞ்சியது வசூலுக்கு வருகிறவன்.
இந்தக் குள்ளச்சிக்கா என்று லோகேஸ் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

கத்து, என்றார்கள். கதவை உதை.
சிவப்புச் சாயம் வேண்டும், வாளி வாளியாக.
கத்தினேன்.
புவான் நோரிசா சன்னல் வழியே
மைனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை, என்றேன் அப்புறம்.
அவன் சப்பாத்தைக் கழற்றுவான்.

எதற்கு?
வீட்டுக்குள் வருகிறான் இல்லையா.

செய்து காட்டினேன்.
கோட்டுக்கு வெளியே குனிந்து, கயிற்றை அவிழ்த்து,
இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்து.
காலுறையில் ஓர் ஓட்டை.
அதை மற்றக் காலின் விரலால் மூடிக்கொண்டு நின்றேன்.
தண்ணீர் கேட்டேன். குடித்தேன்.
பிறகு மகனிடம், மெதுவாக:
பரீட்சை எப்போது, தம்பி?
எந்தப் பள்ளி?
எத்தனை மணிக்கு பஸ்?

வசனம் மலாயில்.
என் காதில் மட்டும் அது தமிழில் விழுந்தது.
'பாப்பா' என்பதை மட்டும் மாற்றியிருந்தேன்.

எங்கே கற்றாய், என்றாள் ஹூய் ஷின்.
யூடியூப், என்றேன்.

பாத்திரத்தின் பின்னணி, இரண்டு பக்கம், வீட்டுப்பாடம்.
வயது வைத்தேன். மோட்டார் சைக்கிள் வைத்தேன்.
பாகான் ஜெர்மாலில் அவனுக்கு ஒரு மகள் வைத்தேன்,
ஆஸ்துமாக்காரி.
எழுத எழுத அவன்மேல் இரக்கம் வந்தது.
வந்ததற்காகக் கோபம் வந்தது.
அந்தப் பத்தியை அடித்தேன்.
அடித்ததையே திரும்ப எழுதினேன்.

கடைசி ஒத்திகைக்குப் பெற்றோர் வரலாம்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து நேராக
அம்மா வந்தாள்,
மூன்றாவது வரிசை, கழுத்தில் வேலை அட்டையோடு.
கதை என்னவென்று நான் சொல்லியிருக்கவில்லை.
நான் குனிந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள்.
எனக்குத் தெரிந்தது அம்மாவின் கை மட்டும்:
சங்கிலி இருந்த இடத்துக்கு ஏறிப்போய்
அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் குடித்தேன்.
எத்தனை மணிக்கு பஸ்?

திரும்பும்போது மழை.
கொம்தாரில் ஆயர் ஈத்தாம் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்.
அம்மா பீசாங் கோரேங் வாங்கினாள், மூன்று வெள்ளிக்கு,
சில்லறையை இரண்டு தடவை எண்ணி.
அவள் கைதட்டினாளா, தெரியாது.
கேட்கவும் இல்லை.
நெரிசலில் பஸ் நின்ற ஏதோ ஓரிடத்தில்
கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:
"எடது காலத்தான் மொதல்ல கழட்டுனான்."

பிறகு, எண்ணெய்க் காகிதத்தை மடித்தபடி:
"தண்ணிய முழுசா குடிக்கல.
பாதி இருந்துச்சு.
நான்தான் ஊத்துனேன்."

தேர்வன்று
இடது.
பாதி.
தேர்வாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.
விளக்கின் ஓரத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம்,
முனையில் செய்தித்தாள் திணித்த,
அப்பா எடுத்துப்போகாத சப்பாத்து இரண்டும்
தெருவைப் பார்த்தபடி இருந்தன.