பத்து நிமிடம் கூடுதலாக

பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
அச்சு முறிந்து நின்ற மினி லாரியிலிருந்து
பாதி விலைக்கு இறங்கியது பன்னீர் திராட்சை.
பஸ்ஸில் இருந்த எல்லோரும் கிலோ, அரைக்கிலோ.
நான் மட்டும் பன்னிரண்டு கிலோ.
"கடை வைக்கிறீங்களா டீச்சர்?" என்றார் கண்டக்டர்.
டீச்சர் இல்லை, வேதியியல் கூடத்தில் குடுவை கழுவுகிறவள்
என்று திருத்தவில்லை.
மடியில் இருந்த பெட்டி கசிந்து
சுடிதாரில் ஒரு வரைபடம் விரிந்துகொண்டிருந்தது.

போன வருடக் கதை
ஏற்காட்டில் எங்கள் தெருவுக்கே தெரியும்.
சேலத்திலிருந்து தம்பி மனைவி மேகலை
போனில் சொன்ன கணக்கு:
கொதி வந்தபின் இருபது நிமிடம்.
அப்படியே செய்தேன்.
மூன்றாம் வாரம், நள்ளிரவில், அலமாரிக்குள் வெடித்தது.
காட்டெருமையை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று
பக்கத்து வீட்டு எஸ்தாக்கி டார்ச்சோடு ஓடிவந்தார்.
சுவரில் ஊதா. கூரையில் ஊதா.
அட்வான்ஸில் ஆயிரத்து இருநூறு கழித்த வீட்டுக்காரர்
மூக்கை உறிஞ்சி
"சரக்கு வாசனை வருதே" என்றார்,
கொஞ்சம் ஏக்கமாக.

அந்தத் திங்கட்கிழமை
பள்ளி வெப்பமானி ஒன்று என் பையில் வீட்டுக்கு வந்தது.
(செவ்வாயன்று திருப்பி வைத்துவிட்டேன்.)
தளதளவென்று கொதிக்கும் நீரில் விட்டால்
தொண்ணூற்றைந்து.
அதற்கு மேல் ஒரு கோடு ஏறமாட்டேன் என்றது பாதரசம்.

மலையில் தண்ணீர் அவசரக்காரி.
குமிழி, ஆவி, மூடியைத் தட்டும் ஆர்ப்பாட்டம்
எல்லாம் முன்கூட்டியே.
உள்ளே சூடு மட்டும் ஐந்து டிகிரி பாக்கி.
என்னைப் பற்றி வரதன் சொல்வதும்
ஏறத்தாழ இதுதான்.
அவர் கீழே, இரும்பாலை ஷிஃப்டில்.
லேசில் கொதிக்கமாட்டார்.
கொதித்துவிட்டால் தோல் உரிந்துவிடும்.
மாதம் ஒரு ஞாயிறு இருபது வளைவும் ஏறி வந்து
நாலரை பஸ்ஸில் இறங்கிவிடுவார்.
இது அந்த ஞாயிறு இல்லை.

காம்பு கிள்ளியே நகக்கண் கறுத்தது.
உப்புத் தண்ணீரில் அலசி,
தோல் வெடிக்கும்வரை இளஞ்சூட்டில் வைத்து,
மத்தால் நசுக்கி,
அவருடைய பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டேன்.
பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும்.
சொட்டட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்குவது
எனக்குக் கஷ்டம்; ஆனாலும் தூங்கினேன்.
விடிந்தபோது பாத்திரத்தின் அடியில்
பொடிக் கண்ணாடி போல டார்ட்ரேட் படிந்திருந்தது.
பனிக்குளிர் இலவசமாகச் செய்த வேலை.

ஞாயிறு இரவு.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பதினோரு பாட்டில், புது மூடி.
வெந்நீர் அண்டாவின் அடியில் துண்டு விரித்து
கழுத்தளவு நீரில் நிறுத்தினேன்.
இருபது நிமிடம்.
அப்புறம் மலைக்காக இன்னொரு பத்து.
அந்தப் பத்து நிமிடம் நான் வேறெதுவும் செய்யவில்லை.
கொதிக்கிறது, கொதிக்கட்டும்
என்று அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மூடி நடுவே சின்ன மேடு இருக்கும்.
ஆறும்போது உள்வாங்கும். டிக்.
முதல் சத்தம் பதினொன்றே காலுக்கு.
அடுத்தது உடனே.
பிறகு, விளக்கணைத்துப் படுத்தபின், வரிசையாக நாலு.
போர்வைக்குள் விரல் விட்டு எண்ணினேன்.
பத்து வந்தது.

பதினொன்றாவது வாய் திறக்கவில்லை.
எழுந்து போய் அழுத்தினேன்; இறங்கி, திரும்ப ஏறியது.
பிடிக்காத மூடியை நம்பாதே, உடனே குடி.
அதுதான் விதி.
ஒன்றரை மணிக்கு, காதில் மப்ளரோடு,
டம்ளர் டம்ளராகக் குடித்தேன். இனிப்பு, பின்னாலேயே துவர்ப்பு.
பாதி பாட்டிலில் தோன்றியது:
இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால்
சத்தம் வந்திருக்குமோ?

மீதிக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி
தேதி எழுதினேன்,
கீழே "வளைவு 14".

காலையில் ப்ளஸ் டூ பிராக்டிகல்.
பியூரெட்டில் பெர்மாங்கனேட் இறக்கிக்கொண்டிருந்த பையன்
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
"அக்கா, உங்க நாக்கு
எண்ட் பாயிண்ட் தாண்டிருச்சு."