நம்லா

சால்மியாவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
அந்த நக பார்லர்.
லிஃப்ட் திறக்கும் முன்பே அசிட்டோன் வாடை
வாசலுக்கு வந்துவிடும்.

முதல்முறை போனபோது
குட்டிக் கண்ணாடிக் குவளையில் ஏலக்காய் டீ.
வெந்நீரில் இரண்டு எலுமிச்சை வில்லை.
ரொவேனா என் இடது கையைத் தூக்கி,
தூங்கிப்போன பிள்ளையைக் கிடத்துவதுபோல்
துண்டின்மேல் கிடத்தினாள்.
ஐம்பது நிமிடம். ஆறு தினார்.
வெளியே தூசுக்காற்று.
துப்பட்டாவுக்குள் கையைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன்,
யாருக்கோ கொடுத்தனுப்பிய பலகாரம் மாதிரி.

நாள் முழுக்கக் கையுறை போடுகிற வேலை எனக்கு.
இந்தப் பத்து நகங்களை
நானும் என் ரூம்மேட் மெர்சலினும் தவிர
யாரும் பார்த்ததில்லை.
அதனாலேயே போனேன்.

பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு தடவை இலவசம் என்று
அட்டை கொடுத்திருந்தார்கள்.
மூன்றாவதோ நாலாவதோ முத்திரையில் ஏலக்காய் போயிற்று,
பிறகு டீயே போயிற்று.
ஒருநாள் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.
ஏன் என்றேன்.
"ஹீட்டர், மேடம்" என்றாள் ரொவேனா,
ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை
என்பதுபோல.
நிஜமாகவே ஊருக்குப் போய்த் திரும்பாதவள் பிமலா.
அவளுடைய நாற்காலி இருக்கிறது,
அதில் டவல் மூட்டை.

இன்றைக்கு மூன்று பேருக்கு ஒரே ரொவேனா.
என் கை காயும்போது ஒருத்தியின் கால் ஊறுகிறது,
இன்னொருத்தி வீடியோ காலில் யாரையோ திட்டுகிறாள்.
மேஜையில் புதிதாக, முட்டை வடிவத்தில்
ஒரு சமையலறை டைமர்.
இருபத்தைந்து நிமிடம்.
அடிப்பூச்சு இல்லை. அரமும் பழசு,
யார் நகத்தின் மாவோ அதில் வெள்ளையாய்.
விலை மட்டும் ஏழு தினார்.

மோதிர விரலில் கத்தரி பட்டது.
கடுகளவு ரத்தம்.
சாரி மேடம், சாரி மேடம்,
பஞ்சு தேடினாள். பஞ்சும் தீர்ந்திருந்தது.
என் பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.
ரத்தம் எனக்குப் புதிதில்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்,
இங்கிலீஷில் மூன்று வாக்கியம்,
மேனேஜரைக் கூப்பிடு என்பது கடைசி.
வாயைத் திறக்கும்போது டைமர் அடித்தது.
எங்கள் லேபில் டோக்கன் எண் மாறும்போது
அடிக்குமே, அதே சத்தம்.

முன்பு ஒரு ஷிஃப்டுக்கு முப்பது பேர்.
இப்போது எழுபது.
ஊசி இறக்கும் முன் சொல்வேன் அப்போதெல்லாம்:
எறும்பு கடிக்கிற மாதிரிதான்.
மலையாளத்தில், இந்தியில்.
எறும்புக்கு அரபியில் என்ன என்று தெரியாமல் திணறியபோது
எகிப்துக்கார டாக்ஸி டிரைவர் ஒருவர்
முழங்கை மடக்கிச் சிரித்துச் சொன்னார்:
நம்லா.
அந்த எறும்பை எந்த மாதம் விட்டேன் என்று
ஞாபகமில்லை.

போன வியாழன் அதே ஆள்.
முகம் தெரியவில்லை எனக்கு, நரம்பு தெரிந்தது,
வலது கையில், கொஞ்சம் வளைந்து ஓடும்.
குத்தி முடித்துப் பஞ்சை வைத்தபோது கேட்டார்:
இன்றைக்கு நம்லா இல்லையா?
நான் அதற்குள்
அடுத்த டோக்கனை அழுத்தியிருந்தேன்.

மூன்று வாக்கியத்தில் ஒன்றைத்தான் சொன்னேன்.
சுண்டுவிரல் பூசவில்லை, ரொவேனா.
நின்று பார்த்தாள்.
முட்டையைத் திருகி அணைத்தாள்.
இரண்டாவது நாற்காலிக்காரி ஹலோ ஹலோ என்றாள்,
போனிலா இவளையா தெரியவில்லை.
ஒரு விரல்தான்,
அதை மட்டும் பழைய மாதிரி பூசினாள்.
மற்ற ஒன்பதும் அப்படியே.

அட்டையில் எட்டாவது முத்திரைக்கு மை இல்லை.
மூன்று தடவை அழுத்தினாள்.
பஸ்ஸில் வெளியே எடுத்துப் பார்த்தேன், வெறும் வட்டம்.
கண்ணை மூடிக்கொண்டு,
நரம்பு தேடுகிற விரலால் தடவினேன்.
இருந்தது.