மூன்றெழுத்து

அந்தச் சொல்லை நீக்கியது நான்தான்.
யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தோனிய மொழியில் 'செய்யாதே' என்பது
வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வராது.
முன்னால் தனியே நிற்கும், மூன்றே எழுத்து,
வாசல் காவலாளி மாதிரி.
வரி நீண்டுவிட்டது, பெட்டிக்குள் அடங்கவில்லை.
இரவு ஒன்றரை. தார்த்து முழுக்கப் பனி.
சின்னச் சொல்தானே, போனால் போகட்டும் என்று
காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

புதிய பதிப்பை நிறுவிய பிறகு
பழைய கோப்புறையை அழிக்காதே
என்று வில்லு எழுதியிருந்தான்.
அழி
என்றது எண்பத்தேழாம் இதழ்.

எங்கள் செய்திமடலில் யாருக்கும் சம்பளம் கிடையாது.
ஹெல்தூர் பால்பண்ணையில் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவர்.
ரீன் நாள் முழுக்கச் செயற்கைப் பல் செய்கிறாள்.
நான் நான்காம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
ஊர்கூடி எழுதும் ஒரு மென்பொருளின் மாதச் செய்தியை
ஆறாயிரம் பேருக்கு அனுப்புகிறோம்.
பிழை கண்டால் யாராவது எழுதுவார்கள்;
'சும்மா செய்கிறவர்களிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியுமா'
என்று அவர்களே மன்னித்தும் விடுவார்கள்.
அந்த மன்னிப்பில் எட்டு வருடம் குளிர்காய்ந்தோம்.

பிப்ரவரியில் ஒத்தெப்பாவிலிருந்து ஏவி எழுதினார்.
பதினோரு குளிர்காலம்
ஏரியில் துளையிட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளந்தவர்.
தேதியோடு, காற்றின் திசையோடு.
எல்லாம் அந்தப் பழைய கோப்புறையில்.
திட்டவில்லை. திட்டியிருந்தால்
உடனே பதில் எழுதியிருப்பேன்.
கேட்டது ஒன்றுதான்:
அனுப்புமுன் உங்களில் யாராவது
அதைச் செய்து பார்த்தீர்களா?

ஹெல்தூரின் சமையலறையில் கூடினோம்.
வில்லு மேல்கோட்டைக் கழற்றவில்லை.
கட்டுரையில் இருந்தது அவன் பெயர்,
வசவெல்லாம் அவன் வாசலுக்கே போயிருந்தது.
ஹெல்தூர் ஆரம்பித்தார்: தானம் கொடுத்த மாட்டை
யாராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?
பல் விஷயம் ரீனுக்கு விடப்பட்டது.
வாங்குகிறவர் பார்க்க வேண்டாம், என்றாள்.
கொடுக்கிற நாம் பார்க்கலாமே.

அதன்பிறகு காபி ஆறும்வரை யாரும் பேசவில்லை.
ரொட்டிப் பையின் பின்புறத்தில் அவள் எழுதினாள்:
எந்தக் கட்டளையும் பழைய கணினி ஒன்றில் ஓடிப் பிழைத்த பிறகே
இதழுக்குள் வரும்.
வரி அடங்காவிட்டால் பெட்டியைப் பெரிதாக்கு.
எழுதியவருக்குக் காட்டாமல் கத்தரிக்காதே
(இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அதுவே பார்த்த மாதிரி).
திருத்தம் கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்தில் அல்ல,
பிழை நின்ற இடத்தில், பிழையின் அளவில்.

இப்படி வைத்தால் ஒருத்தரும் எழுத வரமாட்டார்கள் என்றார் ஹெல்தூர்.
இரண்டு பேர் விலகினார்கள், உண்மைதான்.
எண்பத்தெட்டாம் இதழ் பத்தொன்பது நாள் தாமதம்.

திருத்தக் குறிப்பை நான் எழுதினேன்.
'வருந்தத்தக்க தவறு ஒன்று நேர்ந்துவிட்டது.'
அச்சேறுமுன் ஏவிக்கு அனுப்பினோம், அதுவும் ரீனின் யோசனை.
மறுநாள் திரும்பி வந்தது.
'நேர்ந்துவிட்டது' கீழே ஒரு கோடு,
ஓரத்தில் ஒரு கேள்வி:
மழையா நேர்வதற்கு? யார் செய்தது?

பேருந்தைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்தி
கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தேன்.
பிறகு அடித்துவிட்டு எழுதிய வரிதான்
இதன் முதல் வரி.
அன்று மாலை வில்லு வந்தான்.
கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினான்.

ஏவி இப்போது எங்கள் ஒவ்வொரு இதழையும் முன்கூட்டியே படிக்கிறார்.
மென்பொருள் அவருக்குப் புரியாது;
புரியாத இடத்திலெல்லாம் கோடு போடுகிறார்,
பாதிக்குமேல் எங்களுக்கும் புரியாத இடங்கள்.

அவருடைய புதிய கோப்பில் ஒரே ஒரு வரி:
மார்ச் இரண்டு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர், வடமேற்குக் காற்று.
தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.
முதலில் முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தேன்.