நான்காம் தட்டு

சோனங்குப்பத்தில் வலை உதறும்போது
ஒரு கெளுத்தி வாயைத் திறந்து
கோலிக்குண்டுகளாய் முட்டைகளைக் கக்கியது.
"ஆம்பள மீனு," என்றாள் அஞ்சலாட்சி.
"குஞ்சு நீந்துற வரைக்கும் எதுவும் திங்காது."
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பதை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

முப்பத்தெட்டு முட்டை. நான்கு தட்டு.
மூன்றில் உப்பனாற்று நீர்.
நான்காவதில்
கரை மறையும் தூரம் போய்
அவள் மருமகன் மொண்டு வந்த கடல்.
அது பிழைக்கும் என்று எனக்குள் ஒரு பந்தயம்.

பதினோராம் நாள் லென்ஸை வைத்தேன்.
எல்லாத் தட்டிலும் அதே வளைவு.
தூண்டில் எதற்கு,
முதுகெலும்பே முள்ளாகிக் கிடக்கிறது.

நீரை மாற்றி என்ன.
ஆலைப் பக்கத்துச் சேற்றில்
மேய்ந்து மேய்ந்து தாய் சேர்த்த பாதரசம்
மஞ்சள் கருவுக்குள் வந்துவிட்டது,
யாரும் கேட்காத சீதனமாய்.
அப்பன் பட்டினி கிடந்து
காத்ததும் அதைத்தான்.

அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
கூடையை இறக்காமலே கேட்டாள்:
"எந்த மீனுல இருக்குன்னு பாத்தா தெரியுமா?"
தெரியாது.
"அப்ப நான் என்னத்தச் சொல்லி விக்கிறது?"

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்:
பொரிந்தது, செத்தது, கோணல்.
இருபத்தேழாம் முட்டை எதிலும் அடங்கவில்லை.
கோணல்தான். ஆனால் இதயம்
பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் மாதிரி
இந்த நேரத்திலும்
ஓடிக்கொண்டிருக்கிறது.

முதுநகர்த் துறையில் விடிகாலை ஏலம்.
"சினை மீனு, சினை மீனு" என்று
அவள் குரல்தான்.
சினைக்கு விலை அதிகம்.

பேனாவை மூடாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.